மூச்சு முட்டும் ஆர்கன்

நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் மாரியம்மன் கோயிலில் பஜனைக்கென்று ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அதன் துருத்தியில் வெடிப்பு விழுந்தது. "படிக்கிற பையன்தானே, நீயே ஒட்டிப் பாருடா" என்றார் பெரியப்பா. காலணி ஒட்டும் பசையை அள்ளிப் பூசினேன். ஒட்டியது என்னவோ உண்மை. ஓராண்டில் பசையிட்ட இடம் விறைத்து, அதற்குப் பக்கத்திலேயே மறுபடியும் கிழிந்தது. பிரிக்கவும் முடியவில்லை. கோயிலுக்கு மின்சாரக் கீபோர்டு வந்தது. பெட்டி சாமான் அறைக்குப் போனது. பழைய தேவாலய ஆர்கன்களைப் பழுதுபார்ப்பது பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு அந்தக் குற்றவுணர்வே காரணம்.

இரண்டும் உறவுக்காரக் கருவிகள்தாம். ஆர்மோனியத்தில் துருத்திக் காற்று பித்தளை நாக்கை அதிர வைக்கிறது. தேவாலய ஆர்கனில் வரிசை வரிசையான குழல்களை ஊதுகிறது. கட்டையை அழுத்தினால் குழலுக்கு அடியிலுள்ள வால்வு திறக்க வேண்டும். பழைய ஆர்கன்களில் மெல்லிய மரச்சட்டங்கள் அதை இழுத்துத் திறந்தன. ஆர்கன் பெரிதாகப் பெரிதாக, காற்றழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறக்க விரல் பலம் போதவில்லை.

அப்போதுதான் காற்றையே வேலைக்கு அமர்த்தும் யோசனை வந்தது. 1841இல் பாரிஸ் அருகே சென் தெனி ஆலயத்தில் பார்க்கர் என்பவரின் காற்று நெம்புகோல் பொருத்தப்பட்டது. 1872இல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் ஹென்றி வில்லிஸ் ஆர்கனை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைத்தார். ஒரு பக்கம் அமர்ந்து வாசிப்பவரின் விரல் மறுபக்கத்தை எட்ட, தரைக்கடியில் குழாய்களை ஓட்டிக் காற்றை அனுப்பினார். (கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தருகே செயின்ட் மேரி பேராலயத்திலும் வில்லிஸ் ஆர்கன் உண்டு, ஆண்டு 1895. பேருந்தில் எத்தனை முறை கடந்திருக்கிறோம்!)

கட்டையை அழுத்தியதும் மெல்லிய ஈயக் குழாயில் ஒரு சிறு மூச்சு ஓடும். மறுமுனையில் பெருவிரல் அளவுத் தோல் துருத்தி உப்பும். அந்த அசைவில் வால்வு திறக்கும். இப்படிப்பட்ட குட்டித் துருத்திகள் ஓர் ஆர்கனில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

உலோகக் குழல்கள் நூறாண்டுக்கு மேலும் தாங்கும். சாவது தோல்தான். காய்ந்தால் வெடிக்கும், நிலக்கரிப் புகை மிகுந்த ஊர்களில் செந்தூளாய் உதிரும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துருத்தி ஒழுகினால் சுரம் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். வால்வு சரியாக மூடாவிட்டால் யாரும் தொடாமலே ஓயாது ஒலிக்கும்.

பழுதுபார்ப்பவர் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுக் கழற்றி, பழைய தோலை உரித்து, அதே கனமுள்ள ஆட்டுத்தோலை ஒட்டுகிறார். கனம் கூடினால் துருத்தி சோம்பும். ஒட்டுவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால். நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதுதான். புதுப்புதுப் பசைகள் வந்த பிறகும் இதையே ஏன் தேடுகிறார்கள்? சூடும் ஈரமும் பட்டால் இளகிக் கழன்றுவிடும். இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு மரம் சேதமில்லாமல் கிடைக்கும். நான் செய்தது இதற்கு நேர்மாறு.

வெப்ப நாட்டு ஆர்கனுக்கு இன்னொரு தொல்லை. பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் ஆலயத்தின் மூங்கில் ஆர்கன் (இது பழைய மரச்சட்ட வகை) 1824இல் கட்டி முடிக்கப்பட்டது. 1973இல் பழுதுபார்க்க ஜெர்மனியின் போன் நகருக்குப் போனது. அங்கே கிளைஸ் நிறுவனத்தார் பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரமும் கொண்ட அறையை உருவாக்கி, அதற்குள் வைத்தே வேலை செய்தார்கள். குளிர்நாட்டு வறட்சியில் பொருத்திய மரம் இங்கு வந்ததும் உப்பி இறுகிவிடுமே! 1975இல் அது ஊர் திரும்பியது. நம் பெட்ரோனாஸ் இசையரங்கின் ஆர்கனும் கிளைஸ் செய்ததுதான்.

போன விடுமுறையில் சாமான் அறையிலிருந்து பெட்டியைத் தேடி எடுத்தேன். என் பழைய பசை வெந்நீருக்கு மசியவில்லை. துருத்தியை முழுவதும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து வச்சிரச் சட்டியைக் கிண்டினார். "நாத்தம் தாங்கலடா" என்றாரே தவிர, எழுந்து போகவில்லை. மூன்று கட்டைகள் இன்னும் ஊமையாகத்தான் இருக்கின்றன.