தாளும் திரையும்

குறி என்னும் சொல் அடையாளத்தையும் உணர்த்தும், இலக்கையும் உணர்த்தும். அச்சொல்லைத் தன் பெயரின் முதலிற் கொண்ட குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகு செலுத்துவோர்க்கு நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரமே குறி. நிமிர்ந்து நோக்கினாற் போதும். முகிலினூடே பலாலியில் இறங்கும் விமானிக்கோ அத்தகு காட்சி கிடையாது. குறிகளை அவர் வரைபடத்திலேயே காணவேண்டும். அவ்வரைபடம் தாளில் இருத்தல் நன்றோ, மின்திரையில் இருத்தல் நன்றோ என்பது ஆராயத்தக்கது.

அமெரிக்க அஞ்சல் விமானி எல்ரி ஜெப்பசன் என்பார், பத்துச் சதத்துக்கு வாங்கிய குறிப்பேடொன்றில் மலைகளின் உயரத்தையும் இறங்குதளங்களின் இயல்பையும் எழுதிவைத்தார். ஏனைய விமானிகள் அதன் படியை விரும்பிக் கேட்கவே, 1934 இல் அதுவே தொழிலாயிற்று. அவ்வழி வந்த தாள்கள் காலப்போக்கிற் பெருஞ்சுமையாயின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமந்த பை ஏறத்தாழ 16 கிலோ நிறையுடையது. திருத்தம் வருந்தோறும் பழைய தாளைக் களைந்து புதியதைச் செருகுதல் வேண்டும். அந்நிறுவனம் 2013 இல் அப்பையை நீக்கி, ஐபேட் கருவியை வழங்கியது.

எனினும் விமானியின் சுமை தராசில் அடங்குவதன்று. தாள், விமானம் இருக்குமிடத்தைக் காட்டாது. கருவிகளைப் பார்த்து மனமே அதனைக் கணிக்கவேண்டும். இறங்கும் வேளையில் அது பெரும்பாரம். விமானத்தின் இடத்தை வரைபடத்தின்மேற் காட்டும் திரை அப்பாரத்தைக் குறைக்கின்றது. ஆனால் தாள் விரித்தபடி கிடக்கும், இரண்டை அருகருகே வைக்கலாம், பென்சிலாற் குறிக்கலாம். திரையிலோ பக்கம் தேடியும் பெருப்பித்தும் விரல் உழைக்க, கண் வெளிநோக்கை மறக்கின்றது.

மேலும், தாள் கிழியின் ஓரிதழே கெடும்; செயலியிற் பிழை புகின் எல்லாம் ஒருங்கே கெடும். 2015 ஏப்ரலில், வாசிங்டன் விமான நிலைய வரைபடமொன்று இருமுறை பதிவானமையால் செயலி நின்றுபோக, அந்நிறுவனத்தின் விமானங்கள் பல தாமதமாயின.

ஆதலின் திரை கொள்ளத்தக்கதே என்பது என் துணிபு. ஆயின் வேண்டிய பக்கங்களைத் தரையிலேயே திறந்துவைத்தலும், மாற்றுக் கருவியை உடன்கொள்ளலும், இறங்குமுறையை முன்னரே உள்ளத்திற் பதித்தலும் வேண்டும். மாணாக்கரை நூற்பாக்களை நெட்டுருச் செய்யுமாறு நான் பணிப்பது நூல் கிடையாமையால் அன்று. நூலைப் புரட்ட நேரமில்லாத இடத்தும் அறிவு துணைநிற்றல் வேண்டும் என்பதனாலன்றோ?