செல்போனில் விளம்பரச் செய்தி: சட்டமும் வணிக தர்மமும்



2025-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் எங்கள் மொத்த மளிகைக் கடையின் செல்போனிலிருந்து யாரையும் அழைக்க முடியாமல் போயிற்று. வருகிற அழைப்பு வந்தது. நாங்கள் அழைத்தால் போகவில்லை. எங்கள் பெயரில் வாங்கி, மூட்டை ஏற்றும் இடத்தில் வைத்திருந்த இன்னொரு செல்போனும் அப்படியே. விருதுநகருக்குப் பருப்பு ஆர்டர் சொல்ல முடியவில்லை. லாரி எங்கே வருகிறது என்று கேட்க முடியவில்லை. அந்தப் பத்து நாள் வியாபாரம் எத்தகையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. கடையில் பில் போடும் தம்பியிடம் தீபாவளி விலைப்பட்டியலை எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லியிருந்தோம். பில்லில் இருந்த எண்கள் பாதி; ஊர் ஊராக எண்கள் விற்றுவந்த ஒருவரிடம் விலைக்கு வாங்கிய எண்கள் பாதி. அறுநூறு பேருக்குப் போயிற்று. சிலர் புகார் கொடுத்துவிட்டார்கள். தம்பி மீது குற்றம் இல்லை. சொன்னது நாங்கள். நாங்கள் பட்டது மற்ற வணிகர்களுக்கு வர வேண்டாம் என்றே இதை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விளம்பர அழைப்பு வேண்டாம் என்போர் பெயர் பதியும் ஏற்பாடு நம் நாட்டில் 2007-இல் தொடங்கியது. 2010-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் தனி விதிகள் செய்தது. அவற்றின் இடத்தில் 2018-இல் வந்த விதிகளே, திருத்தங்களுடன், இப்போதும் நடப்பில் உள்ளன. 2025 பிப்ரவரியில் அவற்றைக் கடுமையாகத் திருத்தினார்கள். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் அனுப்பவே கூடாது. கடை எண்ணானாலும், வீட்டு எண்ணானாலும் இதேதான்.

2. அனுப்ப விரும்பும் வணிகர் டி.எல்.டி. என்னும் கணினிப் பதிவேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். இதைத் தொலைபேசி நிறுவனங்கள் நடத்துகின்றன. கடையின் பெயரும், அனுப்பப் போகும் வாசகத்தின் அமைப்பும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் பெற்ற வாசகத்தோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். 2021 மார்ச்சில் இந்தச் சோதனையை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியபோது வங்கிகளின் ஓ.டி.பி. செய்திகளே நின்றுபோய், ஒரு வார காலம் தள்ளிவைக்க நேர்ந்தது.

3. 1909 என்ற எண்ணில் தடை பதிந்திருப்பவருக்கு, பதிவு பெற்ற வணிகரும் விளம்பரம் அனுப்ப முடியாது. அவரே அந்தப் பதிவேட்டின் வழியாகச் சம்மதம் தந்திருந்தால் மட்டுமே அனுப்பலாம். சம்மதத்தை விலக்கிக்கொண்டவரிடம் 90 நாள் கழியும் வரை மறுபடி கேட்கவும் கூடாது.

4. இப்போது அனுப்புநர் பெயரின் இறுதியில் ஓர் எழுத்து வருகிறது. விளம்பரத்துக்கு 'பி', சேவைச் செய்திக்கு 'எஸ்', பணப் பரிமாற்றச் செய்திக்கு 'டி', அரசுச் செய்திக்கு 'ஜி'. 'சரக்கு வந்துவிட்டது' என்பது சேவை. 'இன்று வாங்கினால் தள்ளுபடி' என்பது விளம்பரம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் விளம்பரமாகத்தான் கொள்வார்கள்.

5. செய்தி வந்த 7 நாளுக்குள் புகார் செய்யலாம். முன்பு 3 நாள்தான் இருந்தது. பதிவு பெறாத ஒருவர் மீது 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை எடுப்பார்கள். முதல் தவறுக்கு, அவர் பெயரில் உள்ள எல்லா எண்களிலிருந்தும் 15 நாள் வெளி அழைப்பு நின்றுவிடும். மறுபடி செய்தால் ஓராண்டுக்கு எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்பட்டுக் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறும். 2018 விதியில் முதல் தவறுக்கு எச்சரிக்கை மட்டும் இருந்தது. அந்தச் சலுகை இனி இல்லை. அறுநூறு பேரில் ஐந்து பேர் போதும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். டிராய் விதி அதற்குப் பொருந்தாது என்பது சரிதான். ஆனால் சம்மதம் இல்லாதவருக்கு வணிகச் செய்தி அனுப்பக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் சொந்த விதி. மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் அதுவும் கடைக்குப் பூட்டுப் போட்டது மாதிரிதான்.

பில்லுக்கு எண் கேட்பதிலும் ஒரு விஷயம் உண்டு. செல்போன் எண் தராவிட்டால் பில் போட முடியாது என்று வாடிக்கையாளரை வற்புறுத்துவது முறையற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஒரு காரியத்துக்குச் சம்மதம் பெற்று வாங்கிய விவரத்தை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதே இச்சட்டத்தின் சாரம்.

நியாயம் என்ன சொல்கிறது?

சட்டத்தை விட்டுத் தள்ளுங்கள். எங்களைச் சுட்டது வேறொன்று.

ஆலங்குடிப் பக்கம் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒருவர் முப்பது வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். அவருடைய தகப்பனார் ஆடி மாதம் காலமானார். நாங்கள் நேரில் போய் மாலை போட்டு வந்தோம். அவருக்கும் எங்கள் செய்தி போயிருக்கிறது: 'குடும்பத்துடன் தீபாவளியைக் கொண்டாடுங்கள், எண்ணெய், மைதா சலுகை விலையில்' என்று. அவர் புகார் செய்யவில்லை. நேரில் வந்து, "அண்ணே, எங்க வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே துக்கத்துக்கு வந்தீங்க" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

முன்பு நோட்டீஸ் கொடுக்கப் போகும் பையன்கூட, துக்க வீடு என்றால் தாண்டிப் போய்விடுவான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போனாலும், இழவு வீட்டுத் தெரு வந்தால் சத்தத்தை நிறுத்துவார்கள். அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை. கணினிக்கு அறுநூறும் எண்கள்தான். நமக்கு அவர்கள் மனிதர்கள். அந்த வேறுபாட்டை மறந்தது எங்கள் பிழை.

இன்னொன்று. நம் பேரேட்டை அடுத்த கடைக்காரர் கேட்டால் கொடுப்போமா? யார் எவ்வளவு பாக்கி என்று வெளியே சொன்னால் வணிகன் என்ற பெயர் நிற்குமா? வாடிக்கையாளரின் செல்போன் எண்ணும் பேரேட்டில் உள்ள கணக்கு போன்றதுதான். நம்மை நம்பி ஒப்படைத்தது. அதை விற்பது தவறு. விற்பவரிடம் வாங்குவதும் தவறு. நாங்கள் வாங்கினோம் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

செய்யக்கூடியது என்ன?

விளம்பரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏலக்காய் விலை இறங்கியிருக்கிறது என்று அறந்தாங்கிக் கடைக்காரருக்கு உடனே தெரிந்தால் அவருக்கும் லாபம், நமக்கும் லாபம். அதை முறையாகச் செய்வோம்.

• கல்லாப் பக்கம் ஒரு நோட்டு வைத்து, 'விலை விவரம் அனுப்பலாமா?' என்று கேட்டு, சரி என்பவரிடம் மட்டும் எண்ணும் கையெழுத்தும் வாங்குவோம். இது நம் நடைமுறைக்கு. எஸ்.எம்.எஸ். தடை போட்டவருக்கு அந்த நோட்டு போதாது; டி.எல்.டி. சம்மதம் வேண்டும்.

• எஸ்.எம்.எஸ். வேண்டுவோர் டி.எல்.டி. பதிவு செய்துகொள்வோம். "பதிவு தேவையில்லை, நாங்கள் அனுப்பித் தருகிறோம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுவோம்.

• வாட்ஸ்அப்பில் குழு சேர்த்தால் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைவிட 'பிராட்காஸ்ட்' பட்டியல் நல்லது. 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தம் செல்போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அவர் நம்மை வைத்திருக்கிறாரா என்பதற்கு இதைவிடச் சோதனை வேண்டாம்.

• வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றே பெயரை எடுத்துவிடுவோம். காரணம் கேட்க வேண்டாம்.

• இரவில் அனுப்ப வேண்டாம். பண்டிகைச் செய்தி என்றால், அனுப்பும் முன் பட்டியலை ஒருமுறை முதலாளியே கண்ணால் பார்ப்பது நல்லது. எந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பதினைந்து நாள் கழித்து எங்கள் செல்போன் பழையபடி வேலை செய்தது. முதல் அழைப்பை ஆலங்குடிக்குச் செய்தோம். வியாபாரம் பேசவில்லை, மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கண்ணே" என்றார். அந்தப் பெருந்தன்மையை எல்லா வாடிக்கையாளரிடமும் நாம் எதிர்பார்க்க முடியாது.

உறுப்பினர்கள் இதை மனதில் கொண்டு நடக்க அன்புடன் வேண்டுகிறோம்.