நேரடியாக இணைத்த கணினிகளில் கோப்புப் பகிர்வும் தீச்சுவர்த் தடையும்

ரவுட்டரோ சுவிட்சோ இல்லாமல், இரண்டு கணினிகளை ஒரே ஈதர்நெட் கேபிளால் இணைத்துக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள முடியும். பழைய கணினிகளில் இதற்குக் கிராஸ்ஓவர் கேபிள் தேவைப்பட்டது. இன்றைய கிகாபிட் ஈதர்நெட் கருவிகளில் சாதாரணக் கேபிளே போதும். கேபிள் சரியாக இருந்தும் கோப்புகள் திறக்காவிட்டால், பெரும்பாலும் காரணம் ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் ஆகும்.

தடை ஏற்படுவது ஏன்?

விண்டோஸ் இயங்குதளம் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. இது டிசிபி 445 என்ற போர்ட் வழியாக இயங்குகிறது. பழைய பதிப்புகள் 137, 138, 139 ஆகிய போர்ட்களையும் பயன்படுத்தின. 2004ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் தீச்சுவர் இயல்பாகவே இயக்கத்தில் உள்ளது.

விண்டோஸ் ஒவ்வொரு பிணையத்தையும் 'பொது' அல்லது 'தனியார்' என வகைப்படுத்துகிறது. நேரடி இணைப்பில் ரவுட்டர் இல்லாததால் நுழைவாயில் முகவரியும் இருப்பதில்லை. எனவே விண்டோஸ் அதை 'அடையாளம் காணப்படாத பிணையம்' எனக் கருதிப் பொது வகையில் சேர்க்கிறது. பேருந்து நிலைய வைஃபைக்கு உள்ள அதே கட்டுப்பாடுகள் மேசைமீதுள்ள இரண்டு கணினிகளுக்கும் பொருந்துகின்றன.

கண்டறியும் முறை

தீச்சுவர் இயல்பாக உள்வரும் இணைப்புகளையே தடுக்கிறது. ஆகவே கோப்புறையைப் பகிரும் கணினியில்தான் தடையைத் தேட வேண்டும்.

1. இரு கணினிகளின் ஐபி முகவரிகளைப் பார்க்க வேண்டும். முகவரி 169.254 எனத் தொடங்கினால், முகவரி வழங்கும் கருவி இல்லாததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இது பிழையன்று; ஆனால் இம்முகவரி மாறக்கூடும். 192.168.50.1, 192.168.50.2 என நிலையான முகவரிகளும் 255.255.255.0 என்ற உபபிணைய முகமூடியும் கொடுப்பது நல்லது.

2. பிங் கட்டளைக்குப் பதில் வந்தால் கேபிளும் முகவரியும் சரி. பதில் வராவிட்டால் கேபிள் பழுது என முடிவு செய்யக்கூடாது. தீச்சுவர் பிங்கையும் தடுப்பதுண்டு.

3. கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 எனத் தட்டச்சு செய்ய வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டாலோ 'அனுமதி மறுக்கப்பட்டது' என வந்தாலோ, தீச்சுவர் வழிவிட்டுவிட்டது. சிக்கல் பகிர்வு அனுமதியில் உள்ளது. 'பிணையப் பாதை காணப்படவில்லை' என வந்தால் தீச்சுவரைச் சந்தேகிக்கலாம்.

4. இணையத்தைத் துண்டித்துவிட்டு, தீச்சுவரைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். அப்போது கோப்புறை திறந்தால் காரணம் உறுதியாகிறது. சோதனை முடிந்தவுடன் தீச்சுவரை மீண்டும் இயக்க வேண்டும்.

அனுமதி அளித்தல்

ஆன்டிவைரஸ் தொகுப்புகள் பலவற்றில் தனித் தீச்சுவர் உண்டு. அது இயங்கும்போது விண்டோஸ் தீச்சுவர் பொதுவாக ஒதுங்கிவிடும். அங்கே விதிகளை மாற்றியும் பயன் இல்லையெனில் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தத் தொகுப்பின் அமைப்புகளில் 'நம்பகமான பிணையம்' போன்ற பகுதியில் மற்றக் கணினியின் முகவரியைச் சேர்க்க வேண்டும்.

விண்டோஸ் தீச்சுவர் மட்டும் இருந்தால், அதன் மேம்பட்ட அமைப்புகளில் உள்வரும் விதிகளைத் திறந்து, கோப்பு மற்றும் அச்சுப்பொறிப் பகிர்வுக்கான எஸ்எம்பி விதியைப் பொது வகைக்கும் இயக்கலாம். அவ்விதியில் தொலை முகவரியாக 192.168.50.2 ஐ மட்டும் குறிப்பிட வேண்டும். இவ்வாறு செய்தால் போர்ட் 445 அந்த ஒரு முகவரிக்கு மட்டுமே திறக்கும். வேலை முடிந்ததும் விதியை அணைத்துவிடலாம்.

முழுமையாக நிறுத்துவதன் ஆபத்து

தீச்சுவரை நிரந்தரமாக நிறுத்துவது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கணினி வைஃபை மூலம் வேறொரு பிணையத்திலும் இணைந்திருந்தால், அங்குள்ள கருவிகளுக்கும் போர்ட் 445 திறந்துவிடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல், எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த குறையைப் பயன்படுத்தி இதே போர்ட் வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் பாதிக்கப்பட்டன. எனவே பழைய கணினியுடன் இணைப்பதற்காக எஸ்எம்பி முதல் பதிப்பை மீண்டும் இயக்குவதையும் தவிர்க்க வேண்டும். அத்தகைய கணினியிலிருந்து கோப்புகளை எடுக்கப் பென்டிரைவ் போதுமானது. அதையும் திறக்கும் முன் ஆன்டிவைரஸ் கொண்டு சோதிப்பது நல்லது.