கோப்பைக் காக்கும் ஒரு வரி

ஐரோலியின் மென்பொருள் வளாகங்களுக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் பலருக்கு லினக்ஸ் கணிப்பொறியின் கறுப்புத் திரை பழக்கமானதே. அதில் நாம் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றுவது 'ஷெல்'. பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியான 'பாஷ்' அவற்றுள் பரவலானது.

ஒரு கட்டளையின் விடையைக் கோப்பில் சேமிக்க '>' குறி இடுகிறோம். அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால், ஷெல் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அழித்துவிடும். எங்கள் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை நான் இப்படித்தான் தொலைத்தேன்.

இதைத் தடுக்க வழியுண்டு. 'செட் -ஓ' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஷெல்லின் நடத்தை விதிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் எதிரே 'ஆன்' அல்லது 'ஆஃப்' என்றிருக்கும். 'செட் -ஓ நோகிளாபர்' என்றால் காவல் தொடங்கும். '>' குறியால் பழைய கோப்பை அழிக்க ஷெல் மறுக்கும். 'செட் +ஓ நோகிளாபர்' என்றால் காவல் நீங்கும். கழித்தல் குறி இயக்கும், கூட்டல் குறி நிறுத்தும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. தெரிந்தே அழிக்க வேண்டுமானால் '>|' என்று இடலாம்.

ஷெல்லை மூடினால் இவ்வமைப்பு மறைந்துவிடும். நிலைத்திருக்க, உங்கள் அடைவிலுள்ள '.பாஷ்ஆர்சி' கோப்பில் அந்த வரியை எழுதி வையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 'சிபி', 'எம்வி', 'ஆர்எம்' கட்டளைகளை இக்காவல் தடுக்காது. ஆகவே நகல் எடுத்து வைப்பதை மறவாதீர்கள்.