கேமரா வருமுன் கணக்கு

தொழிலுக்கு ஒரு வீடியோ எடுக்க எவ்வளவு ஆகும்? கடைக்காரர் முதலில் கேட்கும் இந்தக் கேள்வி, உண்மையில் கடைசியாகக் கேட்க வேண்டியது.

மாலை ஆறு மணி. டெல்லி கோல் மார்க்கெட்டின் இனிப்புக் கடைகளில் கூட்டம் சேர்கிறது. நடுவே 1921இல் கட்டப்பட்ட வட்டக் கட்டடம். அதிலிருந்த கடைகள் அருங்காட்சியகத் திட்டத்துக்காகக் காலி செய்யப்பட்டுவிட்டன. வியாபாரமெல்லாம் சுற்றியுள்ள வரிசைகளில்தான். பக்கத்தில் அரசுக் குடியிருப்புகள். சற்றுத் தள்ளி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி. இந்தி நடுவே தமிழும் காதில் விழும் வட்டாரம்.

கணக்குப் புரிவதற்காக இங்கே ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். முறுக்கு, மிக்ஸர், காபிப் பொடி விற்கும் கடை. பழைய வாடிக்கையாளர்கள் பணி ஓய்வு பெற்று துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் குடிபோய்விட்டார்கள். கூரியரில் அனுப்பலாம், ஆனால் அது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. "ஒரு வீடியோ எடுப்போம்" என்கிறான் மகன். அப்பா கையில் இருப்பது 3 லட்சம் ரூபாய் சேமிப்பு. போனால் மறுபடி சேர்க்க இரண்டு தீபாவளி ஆகும்.

இது புதிய ஆசையல்ல. இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பாராளுமன்றத் தெருவின் ஆகாஷ்வாணி பவனில். தூர்தர்ஷனில் விளம்பரங்கள் வந்தது 1976இல். அன்று சிறு கடைக்காரர் நினைத்தும் பார்க்க முடியாத செலவு அது. இன்று கேமரா எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இருந்தும் கணக்குத் தப்புவது நிற்கவில்லை.

இரண்டு ரூபாய்ப் பாடம்

அதே 1976இல் வெளிவந்த ஒரு படம் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டது. ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்'. குஜராத் பால் கூட்டுறவு இணையம் தயாரித்தது. வர்கீஸ் குரியனின் யோசனைப்படி, 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். சேர்ந்தது 10 லட்சம் ரூபாய். ஸ்மிதா பாட்டீலும் கிரீஷ் கர்னாடும் நடித்த அந்தப் படத்தைப் பணம் போட்டவர்களே திரண்டு வந்து பார்த்தார்கள்.

அதோடு முடியவில்லை. 16 மி.மீ. பிரதிகள் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பார்த்த கிராமங்களில் கூட்டுறவுச் சங்கம் அமைக்க ஊக்கம் தரவே இந்த ஏற்பாடு. யாருக்குக் காட்டப் போகிறோம், பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் தெளிவாக இருந்தது. புதுப்பிக்கப்பட்ட பிரதி 2024இல் கான் விழாவில் திரையிடப்பட்டது வேறு கதை; அதற்காக எடுத்த படமல்ல அது.

நம் கடைக்கும் இதே விதிதான். துவாரகாவில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் போனில் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு நிமிடப் படம் போதும். கண்காட்சியில் மொத்த வியாபாரியைப் பிடிக்க வேண்டும் என்றால் மூன்று நிமிடம் தேவைப்படலாம். இரண்டையும் ஒரே படத்தில் திணித்தால் இருவருமே பார்க்க மாட்டார்கள்.

3 லட்சம் எங்கே போகிறது?

முதல் வேலை, 1 லட்சத்தைத் தனியே எடுத்து வைப்பது. அது படத்தைக் காட்டுவதற்கு: விளம்பரக் கட்டணம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் செலவு. சொந்தக்காரர்கள் மட்டும் பார்த்துப் பாராட்டிய எத்தனையோ படங்கள் இந்தத் தொகையை ஒதுக்காமல் எடுத்தவைதான்.

மிச்சம் 2 லட்சம். வீடியோ யூனிட் 1,70,000 ரூபாய் கேட்டால் மலிவு என்று தோன்றும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 2,00,600. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை இந்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு அது முடியாது, முழுவதும் செலவுதான்.

அந்த 1,70,000த்தை இப்படிப் பிரிக்கலாம். இது சந்தை விலைப் பட்டியல் அல்ல, ஒரு உதாரணம் மட்டுமே. ஸ்கிரிப்ட், திட்டமிடல் 25,000. ஒரு நாள் கால்ஷீட் 65,000: கேமரா, விளக்கு, ஒலிப்பதிவு, ஆட்கள், வண்டி, சாப்பாடு, பேட்டா எல்லாம் இதில். எடிட்டிங், வண்ணச் சீரமைப்பு, ஒலிக் கலவை 40,000. டப்பிங் குரல், இசை உரிமை, துணைத்தலைப்பு 20,000. எதிர்பாராத செலவுக்கு 20,000.

இதில் ஸ்கிரிப்ட்டில்தான் முதலில் கை வைப்பார்கள். ஆனால் மிச்சம் பிடித்துக் கொடுப்பதும் அதுதான். எந்தக் காட்சி எந்த நேரத்தில் என்று தாளில் எழுதியிருந்தால் ஒரு கால்ஷீட்டில் முடியும். எழுதாமல் போனால் இரண்டாவது கால்ஷீட். அதாவது இன்னொரு 65,000.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

சில செலவுகள் கொட்டேஷனிலேயே வராது. படப்பிடிப்பு நாளில் கடையை மூட வேண்டும். அன்றைய விற்பனை போயிற்று. பேசுவதைப் பதிவு செய்யும்போது ஃப்ரிஜ்ஜையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தச் சொல்வார் ஒலிப்பதிவாளர். கேமராவுக்காகச் சுட்ட முறுக்கு நாலு மணி நேரம் விளக்குச் சூட்டில் இருந்தபின் விற்பனைக்கு ஆகாது.

வட்டக் கட்டடத்தை மேலிருந்து எடுத்தால் அழகாக இருக்கும் என்று ட்ரோனைக் கொட்டேஷனில் சேர்ப்பவர் உண்டு. மத்திய டெல்லி சிவப்பு மண்டலம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி மத்திய அரசின் அனுமதியின்றி அங்கே பறக்கவிட முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு, எதிர் மாடியிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்பது மேல்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது இன்னொரு பொறி. பாட்டுக்கு உரிமை வாங்கவில்லை என்றால் இணையத்தில் ஏற்றிய படத்தின் சத்தம் நிறுத்தப்படலாம், படமே நீக்கப்படலாம். கட்டணம் செலுத்திய இசையைப் பயன்படுத்தி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

தாளில் இருக்கட்டும்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் மற்றவர் உரிமையை மாற்றி வாங்கும்போது கவனம் தேவை. பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டம் எடுத்துக்கொள்ளும். துபாய், சிங்கப்பூர் தமிழர்களுக்கும் விற்க நினைக்கும் கடைக்கு இந்த ஒரு வரி முக்கியம்.

எத்தனை முறை திருத்தம் இலவசம், தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்று குரலும் விலையில் அடக்கமா, எடிட் செய்யாத ஒரிஜினல் காட்சிகள் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். பணம் மூன்று தவணை. கடைசித் தவணை படம் கைக்கு வந்த பிறகு. மூன்று யூனிட்டுகளிடம் கொட்டேஷன் கேட்டால், மூவருக்கும் ஒரே குறிப்பைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பிடுவது வெவ்வேறு படங்களின் விலையை.

தேதியும் பணம்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் படம் எடுக்க நினைத்தால் கடையில் நிற்க இடமிருக்காது. இரண்டு மாதம் முன்பே எடுத்தால்தான் பண்டிகை ஆர்டருக்கு உதவும்.

இத்தனைக்குப் பிறகும் அப்பாவுக்குத் தயக்கம் தீராவிட்டால் ஒரு வழி இருக்கிறது. மகனின் போனில் ஒரு நிமிடம் எடுத்து, இருபது பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம். நாலு ஆர்டர் வந்தால் 3 லட்சத்தைத் தொடலாம். ஒன்றும் வராவிட்டால் மாற்ற வேண்டியது கேமராவை அல்ல, சொல்லும் விஷயத்தை. குஜராத் பால்காரர்கள் 2 ரூபாய் கொடுத்தது கேமராவைப் பார்த்து அல்லவே.