கைநாட்டு முதல் கணக்கேடு வரை – 7: லாரியின் உயரம்

கல்குவாரியில் ஒரு லோடு என்றால் எவ்வளவு? உடைக்கிறவருக்கு அது ஒரு லாரி. வாங்கி விற்கிறவருக்கு யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கூலி காணாமல் போவது இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான்.

போட்டுப் பார்ப்போம். லாரியின் தொட்டி 12 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 210 கன அடி. பக்கவாட்டில் அரையடிப் பலகை ஒன்றைச் செருகிவிட்டால் 252. கூடுதலாக ஏறுவது 42 கன அடி, கிட்டத்தட்ட அரை யூனிட். வெயிலில் உட்கார்ந்து சம்மட்டியால் அதை உடைத்தவருக்குக் கிடைப்பதோ அதே ஒரு லோடு கூலி.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, குடுமியான்மலைப் பக்கத்துக் குவாரிப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். அந்தப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது பலருக்கும் தெரிந்த கதை. என் மனதில் அதைவிடப் பெரிதாக நிற்பது இன்னொன்று. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், அதுவரை ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்த குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு வந்தன. கூலிக்கு உடைத்தவர்களே குத்தகைதாரர்கள் ஆனார்கள். அதன்பின் எழுத்தும் கணக்கும் மாலை வகுப்போடு முடிகிற சங்கதியாக இருக்க முடியாது. வண்டி எண், தேதி, ஏற்றிய அளவு, அரசுக்குக் கட்ட வேண்டியது, குழுவில் யாருக்கு எவ்வளவு என எல்லாவற்றையும் அவர்களே பார்த்தாக வேண்டும். தப்பினால் நஷ்டம் அவர்களுடையது.

வேலையிடக் கல்வி என்று நான் சொல்வது இதைத்தான். தொழிற்சாலையின் ஒரு மூலையில் கரும்பலகையை மாட்டி 'அ, ஆ' எழுதிப்போடுவது அதில் பாதிகூட ஆகாது.

படிக்காதவருக்குக் கணக்குத் தெரியாது என்பது படித்தவர்களின் நினைப்பு. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெரெசின்யா நூனிஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 1985-இல் முடிவு வெளியானது. பத்துத் தேங்காய் என்ன விலை என்று வாடிக்கையாளராக நின்று கேட்டபோது 100-க்கு 98 விடைகள் சரி. அதே மாதிரிக் கணக்கைக் காகிதத்தில் வெறும் எண்களாக நீட்டியபோது 37-தான் தேறியது. அவர்கள் சிறுவர்கள்தான், ஐந்தே பேர்தான். ஆனாலும் பூக்கடையிலும் மீன் சந்தையிலும் நாம் தினமும் பார்ப்பது இதுதானே? மனக்கணக்கில் கில்லாடியாக இருப்பவர் அச்சடித்த தாளைக் கண்டதும் திகைத்துப் போகிறார்.

திருப்பூருக்கு வாருங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அக்காவிடம் இந்த வாரம் எவ்வளவு வரும் என்று கேட்டால், பீஸ் எண்ணிக்கையை ரேட்டால் பெருக்கி உடனே சொல்லிவிடுவார். பிடித்தம் போக எவ்வளவு என்று கேட்டால்தான் தடுமாற்றம். அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200. இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், அதே பத்தாயிரத்துக்கு 75 ரூபாய். சதவீதம் என்பதை இவருக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் எங்கே இருக்கிறது? அவரவர் சம்பளச் சீட்டை அவரவர் கையில் கொடுத்துத் தொடங்கலாம். சில முதலாளிகளுக்கு அது பிடிக்காது என்று தெரியும். தொழிலாளி சீட்டைப் படிக்கப் பழகினால் கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

அடுத்த சிக்கல் நேரம். பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிற்சங்கங்களின் கல்விப் பிரதிநிதிகளுக்கு அந்தப் பணிக்காகச் சம்பளத்துடன் நேரம் ஒதுக்க வழிசெய்தது. பிரதிநிதியை நாடிப் போகும் தொழிலாளிக்கு நேரம் உண்டு என்றது. அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று சொல்லவில்லை. இங்கே அந்த அளவுக்குக்கூட நாம் பேசத் தொடங்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வீட்டில் உலை வைக்க ஓடும் பெண்ணை, வேலை முடிந்து வகுப்புக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு, ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுகிறோம்.

பாட நேரம் ஷிப்ட் கணக்கில் சேர வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்தப் பாட நேரத்துக்கான சராசரிக் கூலியைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் மெஷினை விட்டு எழுந்து வரமாட்டார். வரச் சொல்வதும் நியாயமில்லை.