கப்பல் எங்கே போகிறது?

ஆண்டுதோறும் பிப்ரவரி 15 மாலை 6.20க்குச் சிங்கப்பூர் முழுக்க எச்சரிக்கை ஒலி எழும். 1942இல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவூட்டும் முழுமைத் தற்காப்பு நாள் அது. குவீன்ஸ்டவுன் பக்கத்து அலெக்சாண்ட்ரா சாலைக்கு அந்தத் தேதி இன்னொரு கணக்கிலும் உரியது. அதற்கு யாரும் ஒலி எழுப்புவதில்லை.

1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்சாண்ட்ரா முகாமில் இருந்த 5ஆம் இலகு காலாட்படையில் ஏறத்தாழ 800 சிப்பாய்கள். பெரும்பாலோர் வட இந்திய முஸ்லிம்கள். மறுநாள் கப்பலேற வேண்டும். தாங்கள் கலீஃபாவாக மதித்த துருக்கி சுல்தானின் படையோடு மோதத்தான் தங்களைக் கொண்டுபோகிறார்கள் என்று முகாமில் பேச்சு. உண்மையில் கப்பல் ஹாங்காங்குக்குப் போக இருந்தது. அன்று காலை அணிவகுப்பைப் பார்வையிட்ட தளபதி படையைப் புகழ்ந்து பேசினார். போகும் ஊரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பிற்பகலில் ஏறக்குறைய பாதிப் படை துப்பாக்கியைத் திருப்பியது.

பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த கதர் இயக்கத்தின் பிரசாரம், அதிகாரிகளுக்குள் பூசல் என்று வேறு காரணங்களும் இருந்தன. அன்று செத்தவர்களில் ஆயுதமில்லாத பொதுமக்களும் உண்டு. வதந்தியைக் காட்டி அந்தக் கொலைகளைக் கழுவிவிட முடியாது. பின்னர் 47 சிப்பாய்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊட்ரம் சிறைச் சுவரோரம் ஊரே கூடிப் பார்க்கச் சுட்டார்கள். எஞ்சிய படையை அதே ஆண்டு ஜூலையில் கேமரூன் போர்முனைக்கு அனுப்பினார்கள். அப்போதும் யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

27 ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரி 14 அன்று, அதே சாலையிலுள்ள அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் ஜப்பானியர் நுழைந்தார்கள். அறுவைசிகிச்சை மேசையில் கிடந்தவரைக்கூட விடவில்லை. இரண்டு நாளில் நோயாளிகளும் ஊழியர்களுமாக ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டார்கள். பின்வாங்கிய இந்தியப் படையினர் வளாகத்துக்குள்ளிருந்து சுட்டதே காரணம் என்று பிறகு சொல்லப்பட்டது.

அந்தக் காரணத்தை இன்னொரு மருத்துவமனையிலும் கேட்டோம். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனையில், இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையின் துப்பாக்கிக்கு மருத்துவர், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்றது ராணுவம். அமைதிப்படையிலும் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது தமிழக முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தேசத்துரோகம் என்றார்கள்.

அந்த ஒரு சொல்லில்தான் நாட்டுப்பற்றின் விஷம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது, அங்கே படையை அனுப்பியது யார் என்று கேட்டால், 'நம் ஜவான்களை அவமதிக்கிறாயா' என்று பதில் வரும். அனுப்பியவர் ஜவானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். மாலை போட மறுத்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் கால் இழந்து இறங்கிய இருபது வயதுக்காரனுக்கும் அவனை அனுப்பிய கோப்பில் கையெழுத்திட்டவருக்கும் அங்கே வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

அந்த வித்தியாசம் தெரிந்த ஒருவரைச் சொல்லலாம். ஜப்பானியரோடு வந்தால் சுபாஷ் சந்திர போஸையே எதிர்ப்பேன் என்று 1942இல் சொன்னவர் நேரு. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட சிப்பாய்களிலும், மலாயாத் தோட்டத் தமிழரிலும் பல்லாயிரம் பேர் போஸின் பின்னால் போனார்கள். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் போஸின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மேல் விசாரணை தொடங்கியபோது, வழக்கறிஞர் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர்கள் பக்கம் உட்கார்ந்தவரும் அதே நேருதான். அவர்கள் போன வழியை அவர் ஏற்கவில்லை. போனவர்களைக் கைவிடவும் இல்லை.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடுகளில் இன்று இது பழங்கதை இல்லை. 1967 முதல் தேசிய சேவை எல்லா வீட்டுப் பையன்களுக்கும் உண்டு. காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் சன்னதியில், படைப்பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகும் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளும் அம்மாவைப் பார்க்கலாம். பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதே அவர் வேண்டுதல். அவன் என்றாவது கப்பலேற வேண்டி வந்தால், எங்கே, எதற்கு என்று கேட்க வேண்டியவரும் அவரேதான். சீருடை போட்டபின் அவன் கேட்க முடியாது. 1915இல் அந்தக் கேள்வியைக் கேட்க, கடலுக்கு இந்தப் பக்கம் அந்தச் சிப்பாய்களுக்கு யாரும் இல்லை.